எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளுக்குப் பல்கலைக்கழக நூலகங்களில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கி, அவருடைய மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கியதாகத் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், நூலகப் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் மனம் நிறைகிறேன். 1949-ஆம் ஆண்டு பாரதியாரின் படைப்புரிமையை அரசு பெற்று, பின்னர் அதை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியதிலிருந்து தொடங்கிய இவ்வழக்கம், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை எவரும் அச்சிடவும் இணையத்தில் ஏற்றவும் வழி செய்திருக்கிறது. ஆயினும் இத்திட்டத்தின் வழியாகப் பொதுமக்களுக்கு வந்து சேர்வது அச்சேறிய நூல்களின் உரிமை மட்டுமே. அந்நூல்கள் முதன்முதலில் எழுதப்பட்ட நோட்டுப் புத்தகங்கள், அடித்தும் திருத்தியும் எழுதிய படிகள், பத்திரிகை ஆசிரியர்களும் சக எழுத்தாளர்களும் வாசகர்களும் அனுப்பிய கடிதங்கள், நாட்குறிப்புகள், எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட கதைகள் ஆகியவை இத்திட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அவை பரணில் இருக்கின்றன. வாடகை வீடு மாறும்போது ஒரு சாக்கு மூட்டை குறைகிறது. பேரப்பிள்ளைகள் காலத்தில் எஞ்சியது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகிறது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழக நூலகங்கள் இந்தத் தாள்களைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பை முறைப்படி ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

அச்சில் நூல் இருக்கும்போது கையெழுத்துப் படி எதற்கு என்று கேட்பவர்கள் படித்தவர்களிடையிலும் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது இரவீந்திரநாத் தாகூரின் கையெழுத்துப் படிகளை. தாகூர் ஒரு சொல்லையோ வரியையோ அடித்துவிட்டு நகரமாட்டார். அடித்தல்களை ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்துப் பறவையாகவும் முகமாகவும் பெயரில்லாத விலங்காகவும் வளர்த்துவிடுவார். முதிய வயதில் அவர் ஓவியராக மாறியது இந்தத் தாள்களின் மேல்தான் தொடங்கியது என்பதைக் கலை வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். அச்சிட்ட கவிதைத் தொகுதியை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது. அவர் மறைந்த மறு ஆண்டே, 1942-ல், விசுவபாரதியில் இரவீந்திர பவனம் அமைக்கப்பட்டு அவருடைய கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. அப்படிச் சேர்த்து வைத்திருந்ததன் பயன் எழுபது ஆண்டுகள் கழித்து வந்தது. கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013-ல் ‘பிசித்ரா’ என்ற இணையத் தொகுப்பை வெளியிட்டபோது, 47,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பக்கங்களை, அச்சுப் பதிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியோடு உலகின் முன் வைக்க முடிந்தது. ஒரு கவிதையின் ஒரு சொல் எந்தப் படியில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் விடுபட்டது என்பதை ஒரு கல்லூரி மாணவர் தம் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறார். ஒரு பல்கலைக்கழகம் பாதுகாத்தது, இன்னொரு பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. இவ்விரண்டுமே நம் நாட்டு நிறுவனங்கள் என்பதால்தான், இது வெளிநாட்டாருக்கு மட்டுமே கைவரும் காரியம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

ஆனால் தமிழோடு தொடர்புடைய தாள்களில் ஒரு பகுதியைக் காண நாம் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ. கே. இராமானுசன் 1962-ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி அங்கிருந்த ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளுக்குள் சென்றார்; தேடிப் போனதற்கு மாறாக உ. வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் அகப்பட்டது. சங்கப் பாடல்களை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டு சேர்த்த அவருடைய மொழிபெயர்ப்புகள் அந்த நாளிலிருந்து தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். இதில் நூலகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எவரும் அதுவரை கேட்டிராத தமிழ் நூல் ஒன்றை, என்றாவது ஒருவர் தேடி வரக்கூடும் என்று ஒரு நூலகம் வாங்கி அடுக்கில் வைத்திருந்தது. 1993-ல் அவர் மறைந்த பின் அவருடைய குறிப்பேடுகள், நாட்குறிப்புகள், வரைவுகள், கடிதங்கள் அனைத்தும் அதே பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்புகள் பிரிவுக்குச் சென்று, பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் இடப்பட்டு, என்னென்ன இருக்கின்றன என்ற விவரப் பட்டியலோடு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பெட்டிகளிலிருந்து நாட்குறிப்புத் தொகுதியும் வெளிவராத கவிதைகளும் புதிய நூல்களாக வந்துகொண்டிருக்கின்றன. எழுத்தாளர் ஒருவரின் தாள்களைக் காப்பது அவருடைய நூல் வரிசையையே நீட்டிக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்து, 2001-ல் சென்னையிலேயே மறைந்த ஆர். கே. நாராயணின் தாள்களைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்சம் மையத்துக்கும் செல்ல வேண்டும். 1957-ல் தொடங்கப்பட்ட அந்த ரேன்சம் மையம், கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேசின் தாள்களை 2014-ல் 22 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அவ்வளவு பணம் நம் பல்கலைக்கழகங்களிடம் கிடையாது. அதை எதிர்பார்ப்பதும் முறையாகாது. ஆனால் நம் எழுத்தாளர் குடும்பங்கள் பெரும்பாலும் பணம் கேட்டு நிற்பவை அல்ல என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். தாள்கள் பாழாகாமல் இருக்கும், கேட்டு வருபவருக்குக் கிடைக்கும், அப்பாவின் பெயர் அந்த அறையில் இருக்கும் என்ற உறுதியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அந்த உறுதியைத் தரும் நிலையில் இன்று எந்த நூலகம் இருக்கிறது என்று அவர்கள் கேட்கும்போதுதான் நமக்குப் பதில் சொல்லத் தயக்கம் வருகிறது.

இவ்விடத்தில் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த அவர், நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், கடிதம் என்று பிறர் தூக்கியெறிந்த அச்சுத் தாள்களையெல்லாம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது ஒரு லட்சத்தை நெருங்கும் உருப்படிகள் இருந்தன. அவற்றை 1994-ல் விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியதைக் கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து, இங்குள்ளவர்களுக்கே நுண்படமெடுக்கவும் பட்டியலிடவும் பயிற்சி கொடுத்து, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தியது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மை. அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்று தரமணியில் இயங்கும் அந்நூலகத்துக்குச் செல்லும் ஆய்வாளர் எவரும், ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகமும் ஒரு தல புராணமும் ஒரே கவனத்தோடு உறையிட்டு வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பார். எனக்கு அங்கே செல்லும்போதெல்லாம் பெருமையோடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வருகிறது. 1857-லேயே பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் இது. கோட்டையூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சென்றடையக்கூடிய தூரத்தில் எத்தனையோ உயர்கல்வி நிறுவனங்கள் இருந்தும், அத்தொகுப்பைக் காப்பாற்றக் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது.

ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை நாம் அவ்வளவு பின்தங்கியவர்கள் அல்லர். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருகிறது; 1981-ல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே தனித்துறை உண்டு; 1943-ல் நிறுவப்பட்ட உ. வே. சா. நூலகத்தில் அந்தப் பெருமகனார் தேடித் தேடிச் சேர்த்த சுவடிகள் காக்கப்படுகின்றன. ஓலை என்றால் பழமை, பழமை என்றால் செல்வம் என்ற உணர்வு நம்மிடம் ஊறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தாளுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. தாளில் எழுதியவர் நேற்றுவரை நம்மோடு இருந்தவர் என்பதால் அது இன்னும் பழம்பொருளாகத் தோன்றவில்லை போலும். உண்மையில் அழிவு நெருங்கியிருப்பது தாளுக்குத்தான். எண்ணெய் பூசி, கட்டி வைத்த நல்ல ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கும். மரக்கூழிலிருந்து செய்து படிகாரம் சேர்த்த மலிவான தாள் தன்னுள்ளேயே அமிலத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்து, விரல் பட்டால் உதிர்கிறது. அதன்மேல் குத்திய குண்டூசி துருப்பிடித்து வட்டமாக அரிக்கிறது. கிழிசலை ஒட்டிய செலோ டேப்பின் பசை மஞ்சளாக இறங்கி எழுத்தையே மறைத்துவிடுகிறது. ராமபாணப் பூச்சியும் கரையானும் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1940-களிலும் 50-களிலும் எழுதியவர்களின் தாள்கள் அந்த வயதை ஏற்கெனவே கடந்துவிட்டன.

அந்த உ. வே. சா. நூலகத்திலேயே இன்னொரு செல்வமும் இருக்கிறது. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் காத்து வைத்திருந்தார். ஆதீனத் தலைவர்கள், ஜமீன்தார்கள், பள்ளி ஆசிரியர்கள், சுவடி வைத்திருந்த ஊர்க்காரர்கள் என்று எழுதியவர்களின் வரிசையைப் பார்த்தாலே தமிழ்ப் பதிப்பு வரலாறு வேறு உருவில் தெரிகிறது. எவர் சுவடி கொடுத்தார், எவர் முன்பணம் கட்டினார், எந்தப் பாடத்தை எவர் ஐயுற்றார் என்பதெல்லாம் முன்னுரையில் முழுதாக இடம்பெறுவதில்லை, கடிதத்தில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் அக்கடிதங்கள் முறையாகப் பதிப்பிக்கப்படத் தொடங்கியிருப்பது அவை ஓரிடத்தில் கலையாமல் இருந்ததால்தான். புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களும் அவ்வாறே, அந்த அம்மையார் அவற்றைப் போற்றி வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தன. வறுமையிலும் இடமாற்றங்களிலும் அவர் அதைச் செய்தார் என்பதை எண்ணும்போது கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் ஒரு மொழியின் இலக்கிய ஆவணம் முழுவதையும் இப்படித் தனிமனிதர்களின் அன்பிலும் பிடிவாதத்திலும் மட்டுமே விட்டுவைத்திருப்பது சரியா என்பதுதான் என் கேள்வி. பாரதியாரின் எழுத்துகளைப் பழைய இதழ்களில் தேடிக் கண்டெடுத்துக் காலவரிசைப்படுத்திய சீனி. விசுவநாதன் அவர்களின் உழைப்பு, 2024 டிசம்பரில் 23 தொகுதிகளாக நிறைவு கண்டது. ஒரு துறையும் அதன் நூலகமும் சேர்ந்து செய்திருக்க வேண்டிய பணிக்கு ஒருவர் தம் ஆயுளையே கொடுத்திருக்கிறார்.

பல்கலைக்கழக நூலகங்களுக்கு நன்கொடைத் தொகுப்புகள் வராமல் இல்லை. வந்த பின் என்ன நேர்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் இளநிலைப் பணியில் இருந்த நூலகம் ஒன்றுக்கு, மறைந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் நூல்கள் லாரியில் வந்து இறங்கின. நடைமுறை விதிப்படியே எல்லாம் நடந்தது, அதுதான் துயரம். ஒவ்வொரு நூலும் தனித்தனியாகப் பதிவேட்டில் ஏறி, முத்திரை குத்தப்பட்டு, வகுப்பெண் இடப்பட்டு, அதற்குரிய அடுக்குக்குச் சென்றது. நூலகத்தில் ஏற்கெனவே இருந்தவை இரட்டைப்படி என்று ஒதுக்கப்பட்டன. அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்று அவர் பாடம் சொல்லப் பயன்படுத்திய தொல்காப்பிய உரைப் பதிப்பு. பக்கத்துக்குப் பக்கம் ஓரங்களில் பென்சிலால் பாடவேறுபாடுகளும், தம் ஆசிரியர் வகுப்பில் சொன்ன விளக்கங்களும், அவற்றோடு தாம் மாறுபடும் இடங்களும் நாள் குறித்து எழுதப்பட்டிருந்தன. அட்டை தளர்ந்திருந்த வேறு சில நூல்கள் பைண்டிங்குக்குப் போயின. திரும்பி வந்தபோது மூன்று பக்க ஓரங்களும் வெட்டுப் பொறியில் சீராக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் இருந்த குறிப்புகள் ஒவ்வொரு வரியிலும் பாதிச் சொல்லோடு நின்றன. நூல்களுக்கிடையே செருகியிருந்த அஞ்சலட்டைகள் ஒரு அட்டைப் பெட்டியில் போடப்பட்டு மாடிப்படிக்குக் கீழே சென்றன. அடுத்த வெள்ளையடிப்பின்போது அப்பெட்டி அங்கே இல்லை. இதில் எவர்மீதும் குற்றம் சாட்ட எனக்கு மனமில்லை. அவரவர் தமக்குக் கற்பித்த வேலையைச் செய்தார்கள். தனித்தனி நூல்களைப் பெறுவதற்கு எழுதப்பட்ட விதிகளைக் கொண்டு ஒரு மனிதரின் வாழ்நாள் தொகுப்பைப் பெற்றால் இதுதான் நடக்கும்.

சிறப்புத் தொகுப்புப் பிரிவின் முதல் விதியே இதற்கு நேர்மாறானது. ஒருவரிடமிருந்து வந்தவை பிரிக்கப்படாமல் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர் வைத்திருந்த வரிசை எதுவோ அதுவே இயன்றவரை காக்கப்பட வேண்டும். எழுத்தாளர் ஒரு நாவலுக்கான குறிப்புகளோடு மருத்துவச் செலவுச் சீட்டையும் ஒரே உறையில் வைத்திருந்தால் அந்தச் சேர்க்கைக்கும் பொருள் இருக்கலாம் என்று காப்பாளர் கருத வேண்டும். நூலைப் போல ஒவ்வொரு தாளுக்கும் பதிவட்டை எழுத வேண்டியதில்லை. எந்தப் பெட்டியில், எந்த உறையில், எந்த ஆண்டுகளைச் சேர்ந்த, யார் யாருடைய கடிதங்கள் இருக்கின்றன என்று சொல்லும் விவரப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும். ஆய்வாளர் தமக்கு வேண்டியதைத் தாமே கண்டுகொள்வார். வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே, ஒரு நேரத்தில் ஒரு உறை, கைப்பை வெளியே. இவ்வளவுதான் கட்டுப்பாடு. இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை, பயிற்சியும் பொறுமையும் தேவை.

குடும்பங்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நாம் மதிக்க வேண்டும். கடிதங்களில் உயிரோடிருப்பவர்களைப் பற்றிய செய்திகள் இருக்கும். கடன், நோய், மனத்தாங்கல், காதல் எல்லாம் இருக்கும். இவற்றை உடனே ஊர் படிக்கக் கொடுக்க எவர் ஒப்புவார்? இதற்கும் உலகம் வழி கண்டிருக்கிறது. கவிஞர் டி. எஸ். எலியட் எமிலி ஹேல் என்ற அம்மையாருக்கு எழுதிய 1,131 கடிதங்களை, அந்த அம்மையார் 1956-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைத்தார். தாங்கள் இருவரும் மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. எலியட் 1965-லும் அவர் 1969-லும் மறைந்தனர். நூலகத் தலைவர்கள் மாறினார்கள், ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பெட்டிகள் கட்டுக் குலையாமல் இருந்தன. 2020 ஜனவரி 2 அன்றுதான் அவை வாசகர் முன் வைக்கப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நூலகம் தன் சொல்லைக் காத்தது. நம் பல்கலைக்கழகங்களும் ‘இன்னின்ன உறைகள் இத்தனை ஆண்டுகளுக்கு மூடியிருக்கும்’ என்று எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்து, துணைவேந்தர் மாறினாலும் அது மாறாது என்பதை நடத்தையால் காட்டினால், இன்று பீரோவில் பூட்டியிருக்கும் பல கடிதக் கட்டுகள் வெளியே வரும் என்று உறுதியாக நம்புகிறேன். எரிப்பதைவிட மூடி வைப்பது மேல் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்ல ஒரு நிறுவனம் வேண்டும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. ஒரு கடிதத் தாள் பெற்றவரின் உடைமையானாலும், அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது என்ற வேறுபாடு இங்கே முக்கியம். தாள்களை நூலகத்துக்கு ஒப்படைப்பதால் குடும்பத்தார் பதிப்புரிமையை இழந்துவிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே, பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்திலுள்ள வெளிவராத இலக்கியப் படைப்பை, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்துடனோ படியெடுக்க இடமளிக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தியை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் குடும்பங்களிடம் கொடுத்தாலே பாதி அச்சம் தீரும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்ற கேள்வியும் இன்று எழுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து எழுத்துகளுக்கு ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனமும் ஆற்றிவரும் தொண்டை நான் உயர்வாக மதிக்கிறேன். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டதைப் பார்த்த ஓர் இனம், வேறோர் இடத்தில் ஒரு படி இருக்க வேண்டியதன் அவசியத்தை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் மின்படி மூலத்துக்கு மாற்றாகாது. மையின் நிறம் எந்த வரியில் மாறுகிறது, ஒட்டிய தாளுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது, அந்தத் தாள் எந்த அச்சகத்துத் தாளின் பின்பக்கம் என்பவை மூலத்தில்தான் தெரியும். விவரப் பட்டியல் இல்லாமல் எடுத்த பத்தாயிரம் படக்கோப்புகளில் வேண்டியதைத் தேடுவது, மூட்டையில் தேடுவதைவிடக் கடினமானது. ஆகவே முதலில் பெறுவது, அடுத்துப் பட்டியலிடுவது, அதன் பின்னரே படமெடுப்பது என்ற வரிசை மாறக்கூடாது.

நான் கேட்பது புதிய கட்டடம் அன்று. மாநிலப் பல்கலைக்கழகங்களில் குறைந்தது ஒன்றேனும், தன் நூலகத்தில் ஒரு தளத்தையோ இரண்டு அறைகளையோ ஒதுக்கி, ‘தமிழ் எழுத்தாளர் ஆவணத் தொகுப்பு’ என்று பெயரிட்டு, ஆட்சிமன்றத் தீர்மானத்தின் மூலம் அதற்கு நிலையான விதிகள் வகுக்கட்டும். அந்த அறைகளில் குளிர்சாதனம் இரவும் பகலும் ஒரே அளவில் ஓட வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் ஓட்டி மாலையில் நிறுத்தினால், அறை சூடேறி ஈரம் ஏறி இறங்கித் தாள் நாள்தோறும் விரிந்து சுருங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் அது பூஞ்சைக்கு அழைப்பு விடுவதற்குச் சமம். அப்படி ஓட்ட முடியாதென்றால் நல்ல காற்றோட்டமும் வெயில் படாத சுவரும் அமிலமற்ற அட்டைப் பெட்டிகளும் போதும்; நிறுத்தி நிறுத்தி ஓடும் குளிர்சாதனத்தைவிட அவை மேல். ஆவணக் காப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரப் பணியிடத்தில் அமர்த்த வேண்டும். நூலகர் பணியிடங்களே பல ஆண்டுகள் காலியாகக் கிடப்பதையும், தொகுப்பூதியத்தில் வருபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதையும் நான் அறியாதவன் அல்லன். ஆனால் இந்த வேலை, தொகுப்பை அறிந்த ஒருவர் பத்திருபது ஆண்டுகள் அதோடு இருந்தால்தான் நடக்கும். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்த்தால் மற்றச் செலவெல்லாம் வீணாகும்.

அரசும் ஒன்று செய்யலாம். நூல்களை நாட்டுடைமையாக்கும்போது, மரபுரிமையரிடம் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் இருக்கின்றனவா என்று ஒரு படிவத்தில் கேட்டு, அவர்கள் விரும்பினால் அவற்றைப் பெற்றுக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யட்டும். கட்டாயம் வேண்டாம். பரிவுத்தொகை பெற அது நிபந்தனையாகவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டாலே, இவை மதிப்புடையவை என்ற எண்ணம் அந்த வீட்டில் உண்டாகும்.

அதுவரை, மறைந்த எழுத்தாளர்களின் இல்லத்தார் சிலவற்றைச் செய்தால் பேருதவியாக இருக்கும். தாள்களைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும். தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல், அட்டைப் பெட்டியில் படுக்கை நிலையில் வையுங்கள். குண்டூசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலை டேப்பால் ஒட்டாதீர்கள். தேதி இல்லாத கடிதத்தில் பேனாவால் எதையும் எழுதாமல், தனித் தாளில் ‘இது இன்னார் எழுதியது, இந்த ஊரில் இருந்தபோது’ என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதி உடன் வையுங்கள். உங்கள் தலைமுறைக்குப் பிறகு அதைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் ஆசிரியர் குழு அறைகளில், ஞாயிறு மலருக்கும் தீபாவளி மலருக்கும் எழுத்தாளர்கள் கைப்பட அனுப்பிய கதைகளும் கட்டுரைகளும், உடன் வைத்த கடிதங்களும், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திய படிகளும் பழைய கோப்புகளில் இருப்பது வழக்கம். தங்கள் அலுவலகத்திலும் அத்தகைய கோப்புகள் எஞ்சியிருக்குமானால், அடுத்த இடமாற்றத்துக்கோ அறை சீரமைப்புக்கோ முன்பாக அவற்றைப் பட்டியலிட்டு, காக்க முன்வரும் பல்கலைக்கழக நூலகம் ஒன்றிடம் தகுந்த ஒப்பந்தத்தோடு ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலிடும் பணிக்கு ஊதியம் இல்லாமல் உதவ என்னைப் போன்ற ஓய்வுபெற்ற நூலகர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்,
மதுரை.